மேல் ஆணி

புவி மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல் துறை என்று பலகை என்னவோ பெரிதுதான். உள்ளே மொத்தமே மூன்று அறைகள், இரண்டு ஆசிரியர்கள், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய மாணவர்கள். ஆய்வுக்கூடக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லைப் பற்றிக்கூடப் பரீட்சையில் கேள்வி வரும். எந்நேரமும் அளவு டேப்போடு திரிந்த இறுதியாண்டுக்காரிக்கு அங்கே 'டேப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஊருக்குப் பின்னால் மலைச்சரிவில் விழுந்திருந்த விரிசல்தான் அவளுடைய ஆய்வு. விரிசலுக்குக் கீழே ஓர் ஆணி, மேலே ஓர் ஆணி. இடைத்தூரம் கூடினால் மண் இறங்குகிறது என்று அர்த்தம். மேல் ஆணி அசையாத பாறையில் இருக்க வேண்டும் என்று துறைத்தலைவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புதருக்குள் தலைநீட்டிய பெரிய பாறையாகப் பார்த்து அவளே அடித்தாள். வாராவாரம் அளந்தாள். மழைக்காலம் பாதி போயும் தூரம் கூடவேயில்லை.

சரிவின் அடியில்தான் அக்கா வீடு. விரிசலுக்குப் பயந்து கைக்குழந்தையோடு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தவளை, தைரியமாகத் திரும்பி வா என்று அடித்துச் சொன்னது டேப்புதான். நம் படிப்பும் வீட்டுக்கு உதவுகிறதே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மழை விட்டதும் ஏறி அளந்தாள். அதே தூரம். அறிக்கைக்கு ஒரு படம் எடுக்கலாமென்று பாறைக்கும் மேலே, புதரை விலக்கிக்கொண்டு போனாள். கால் முழங்கால்வரை உள்ளே இறங்கியது.

காலை உருவிக்கொண்டு புல்லை விலக்கினாள். இன்னொரு விரிசல். பாறைக்குப் பின்னால் வளைந்து இரண்டு பக்கமும் கீழ்நோக்கி ஓடியது. குனிந்து பாறையின் அடியைத் தோண்டினாள், ஈரமண்தான் வந்தது. அது மலையோடு ஒட்டிய பாறையே அல்ல. எப்போதோ மேலிருந்து உருண்டுவந்து மண்ணில் புதைந்த தனிக்கல். ஒரே பஸ்ஸில் போகிற இரண்டு பேருக்கு நடுவே தூரம் எப்படிக் கூடும்? கல், ஆணிகள், மண் எல்லாமே சேர்ந்துதான் இறங்கிக்கொண்டிருந்தன.

துறைத்தலைவருக்குப் போன் செய்தாள். அவர் திட்டவில்லை. அடிவாரத்தில் கலங்கிய தண்ணீர் கசிகிறதா என்று கேட்டார்; கசிந்தால் மண் சரியப்போகிறது என்று அர்த்தம். தீயணைப்புக்காரர்களுக்குத் தான் சொல்வதாகவும், முதலில் வீட்டிலிருப்பவர்களை வெளியேற்றும்படியும் சொன்னார். அந்தக் குரலில் இருந்த அவசரம் அவளை இன்னும் பயமுறுத்தியது. அக்கா போனை எடுக்கவில்லை. விழுந்து எழுந்து ஓடினாள்.

வாசலில் அக்காவின் கணவர் முன்கதவை இழைத்துக்கொண்டிருந்தார். மழைக்கு மரம் ஊதிவிட்டதாம். டேப்பு கதவின் விளிம்பைப் பார்த்தாள். மேல்மூலை நிலையில் உரசித் தேய்ந்திருந்தது, கீழ்மூலையில் நிலையைத் தொட்ட அடையாளமே இல்லை. மரம் ஊதினால் இப்படி ஆகாது. வீடே கோணிக்கொண்டிருந்தது.

"மாமா, எல்லாரும் வெளிய வாங்க. மலை இறங்குது."

"நீதானே அசையலன்னு சொன்ன?"

"ஆணி அடிச்ச கல்லும் சேர்ந்து இறங்குது. நான் தப்பா அளந்துட்டேன்."

போன மாதம் வீராங்கனையாக இருந்த மச்சினிக்கு இன்று என்ன ஆயிற்று என்று கிண்டலடித்தபடியே, இழைத்தது போதுமா என்று பார்க்கக் கதவைச் சாத்தினார். திரும்பத் தள்ளினார். வரவில்லை. தோளால் மோதினார். உள்ளிருந்து அக்காவும் இழுத்தாள். அவர் முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஜன்னலிலோ கம்பி.

அக்காவைப் பின்கதவுக்குப் போகச் சொல்லிக் கத்திவிட்டு, மாமா இன்னும் முன்கதவில் மோதிக்கொண்டிருக்க, டேப்பு வீட்டைச் சுற்றி ஓடினாள். கொல்லை முழுக்கச் செம்மண் நிறத்தில் தண்ணீர் சலசலத்து ஓடியது. மேலே எங்கோ வேர் அறுபடும் சத்தம். திறந்த பின்கதவில் குழந்தையை மார்போடு அணைத்தபடி அக்கா நின்றாள். தரை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை.

அக்கா சரிவைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தாள்.

"இங்க கால் வைக்கலாமாடி? நீ சொல்லு."

டேப்புக்குத் தெரியவில்லை. அளந்து பார்க்க நேரமுமில்லை. தானே முதலில் இறங்கினாள். தண்ணீர் தொடைவரை ஏறியது. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வைக்கலாம்" என்றாள்.

அக்கா மறுபேச்சுப் பேசாமல் கால் வைத்தாள்.