ஒன்பது படிக்குக் கீழே

மதுவிலக்குச் சங்கத்துச் சுவரில் செவ்வாய்க்கிழமை முதல் படியில் வரையப்பட்ட மனிதன், புதன்கிழமை காலை பால் வண்டி வருவதற்குள் மூன்றாம் படிக்கு இறங்கியிருந்தான். இரண்டாம் படியில் அவன் நின்றதைப் பார்த்தவர் யாருமில்லை. அவ்வளவு அவசரம் அவனுக்கு.

சங்கம் கேட்டது எல்லா ஊர்ச் சங்கங்களும் கேட்கிற படத்தைத்தான். ஒன்பது படிகள், உச்சியில் முதல் கோப்பையோடு சிரிக்கிற ஆள், ஒவ்வொரு படியிலும் அதே ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தலாகிக்கொண்டே வர, கடைசியில் ஒரு குழி. சைன்போர்டு பெயிண்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் உருவத்தை மட்டும் யாரையாவது நிற்கவைத்துப் பார்த்து வரைவார், மற்றதையெல்லாம் மறுநாள் அதிலிருந்து தாளில் அச்செடுத்துக்கொள்வார். அன்றைக்கு நிற்கக் கிடைத்தவர் அவருடைய தங்கை புருஷன், தையல் மெஷின் ரிப்பேர்க்காரர். அவருக்கு உள்ளே ஏதாவது போகாவிட்டால் கைகால் ஓரிடத்தில் நிற்காது. அவர் பழுதுபார்த்த மெஷினில் தைத்த சட்டைகளால் ஊரில் பாதிப் பேர் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டே நடந்தார்கள். ஆகவே பெயிண்டர் கால் பாட்டில் பிராந்தி வாங்கிக் கொடுத்து அவரைச் சிலைபோல நிற்கவைத்தார். மதுவிலக்குப் படம் பிராந்தியின் தயவில் வரையப்பட்டது என்பதை அவர் சங்கத்தாரிடம் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

மீதி எட்டு ஆட்களை வரைய வேண்டிய தேவை வரவில்லை. ரிப்பேர்க்காரர் எந்த நாளில் குடித்தாரோ அந்த நாளில் சுவர் மனிதன் ஒரு படி இறங்கினான். அளவு மிஞ்சினால் இரண்டு. சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரருக்கு ஏக சந்தோஷம், எட்டு பேர் வேலையை ஒரே ஆள் சேர்த்துப் பார்க்கிறானே என்று. தங்கைக்கும் புருஷன் வாயை முகர்ந்து பார்க்கிற வேலை மிச்சமாயிற்று; சலவைக்கூடத்துக்குப் போகிற வழியில் சுவரை ஒரு பார்வை பார்த்தால் போதும். ஆனால் ஐந்தாம் படியில் சுவர் மனிதனுக்குக் கன்னம் ஒட்டியபோது வீட்டு மனிதனுக்கும் ஒட்டியது. ஒன்பதாம் படிக்கு வந்த அன்று ரிப்பேர்க்காரர் ரத்தமாக வாந்தியெடுத்தார். தங்கை ஈரக் கையைத் துடைக்காமலே அண்ணனின் பட்டறைக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, கீழ ஒரு படி போடு."

"அங்க குழி இருக்கேம்மா."

"சுண்ணாம்படிச்சு மூடு. நீ வாங்கிக் குடுத்த பிராந்திதானே அவரை அங்க ஏத்துச்சு? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

பெயிண்டர் ஏணியைத் தூக்கினார். குழி மூடப்பட்டது, பத்தாம் படி வந்தது, ரிப்பேர்க்காரர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். சாயங்காலம் வேறு ஒன்றும் குடித்தார். மறுநாள் பதினொன்றாம் படி போடவேண்டியதாயிற்று.

இப்படிப் பதினோரு வருஷம். ஊர் ஆற்றை நோக்கிச் சரிவது வசதியாகப் போயிற்று. படிக்கட்டு சங்கச் சுவரைத் தாண்டி, தபாலாபீஸ் மதில், பள்ளிக்கூட மதில், ரொட்டிக்கடையின் பக்கவாட்டுச் சுவர் என்று இறங்கிக்கொண்டே போனது. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் படிகள். நம்பாதவர்கள் எண்ணப் போய் கால் வீங்கித் திரும்பியிருக்கிறார்கள். பெயிண்டர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பையில் பிரஷ்ஷோடுதான் போவார். மருந்துக்கடைக்காரர் மட்டும் முணுமுணுத்தார். "படம்னா பயமுறுத்தணுங்க. நீங்க அவருக்குப் போக இடம் போட்டுக் குடுக்கறீங்க." இந்தப் பேச்சு பெயிண்டரின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதோடேயே அடுத்த படியையும் போட்டார். போடாமல் இருந்து பார்க்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது?

படகுக் கொட்டகைச் சுவரோடு ஊர் முடிந்தது. அதற்கப்பால் தண்ணீர். கடைசிப் படியைப் போட்டுவிட்டுப் பெயிண்டர், சுவர் பக்கமே தலைகாட்டாமல் பதினோரு வருஷம் சந்துபொந்துகளில் சுற்றிப் போய்வந்த ரிப்பேர்க்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். சங்கத்திலிருந்து ஆறுவரை இருவரும் படிக்கட்டையொட்டி நடந்தார்கள். முக்கால் நாள் ஆயிற்று. கீழே தன் முகத்தோடு, தன் நரையோடு, ஒரு காலைத் தண்ணீர்ப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றவனை ரிப்பேர்க்காரர் வெகுநேரம் பார்த்தார்.

"மேல இருக்கற படியெல்லாம் ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு மச்சான். இங்க ஏன் இவ்வளவு கோணல்?"

"கை நடுங்குது மாப்பிள்ளை."

"நீ ஒரு சொட்டு தொட்டதில்லையே."

"தொடாமலேதான் நடுங்குது. இனிமே சுவரும் இல்ல, கையும் இல்ல."

ரிப்பேர்க்காரர் அந்தக் கையை வாங்கி, மெஷினிலிருந்து கழன்ற பாபின் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று அவர் குடிக்கவில்லை. அடுத்த நாற்பது நாள் அவர் வியர்த்த வியர்வையில் மூன்று மெத்தைகள் நனைந்து வீணாயின. உளறல் அக்கரைவரை கேட்டதாம், அங்கிருந்து இரண்டு பேர் படகேறி வந்து என்னவென்று விசாரித்தார்கள். தங்கை சலவைக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே கிடந்தாள். சுவர் மனிதன் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றான்.

அவன் திரும்பி மேலே ஏறுவான் என்று ஊரே எதிர்பார்த்தது. மருந்துக்கடைக்காரர் வரவேற்புரைகூட எழுதி வைத்திருந்தார். அவன் ஏறவில்லை. ரிப்பேர்க்காரருக்கும் பழைய உடம்பு திரும்பவில்லை. ஈரல் போனது போனதுதான். நாளுக்கு ஒரு மெஷின், அதுவும் மெதுவாக. தங்கை மட்டும் தினம் ஆற்றங்கரைக்குப் போய் அந்தக் காலைப் பார்த்துவிட்டு வந்து அடுப்பு மூட்டினாள். ஏழாம் வருஷம் ஒருநாள் பார்த்தபோது, அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் வந்து சொன்னாள். ரிப்பேர்க்காரர் ஊசியில் நூலைக் கோத்தபடி, "உட்காரட்டும், எவ்வளவு நேரம்தான் நிப்பான்" என்றார். சங்கத்தின் அந்த ஆண்டு அறிக்கையில் செயலாளர் ஒரு வரி எழுதினார்: சுவரோவியம் தற்சமயம் உட்கார்ந்த நிலையில் உள்ளது, பழுது ஒன்றுமில்லை.