ஆளுக்கு ஒரு சட்டை

அசம்பு மலைக்குச் சுமை தூக்குகிறவர்களில் ஞானசிங்கைப் போல மூட்டை கட்டத் தெரிந்தவன் கிடையாது. அது அவனுக்கே தெரியும் என்பதுதான் கொஞ்சம் சங்கடம். மார்கழிக் குளிருக்குப் பயந்து மற்றவர்கள் வீட்டையே பெயர்த்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். இவன் அடிவாரத்தில் நின்று ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பாதியைத் திருப்பி அனுப்புவான். செம்பு எதற்கு, சிரட்டை போதும். அகப்பைக்கு இவ்வளவு நீளக் காம்பு எதற்கு என்று அதையும் ஒடித்து எறிந்தவன். இரண்டு பேருக்கு ஒரு கம்பளி. அவல், கருப்பட்டி, ஒரு துண்டு சுக்கு, அட்டைக் கடிக்குச் சின்னக் கிழியில் உப்பும் புகையிலையும். தீர்ந்தது.

"கம்பெனிச் சுமைய நாம எறக்க முடியாது. நமக்க சுமையத்தான் கொறைக்க முடியும்" என்பான்.

துணி விஷயத்தில் இன்னும் கறார். ஆளுக்கு ஒரு சட்டைதான். மழை தொடங்கிய இடத்திலேயே அதைக் கழற்றித் தண்ணீர் இறங்காத கமுகம்பாளைக்குள் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். வெறும் மேலோடு ஏறினால் நடக்கிற சூட்டில் உடம்பு தாங்கிக்கொள்ளும். உச்சியில் மேலைத் துடைத்துக் காய்ந்த சட்டையைப் போட்டால் குளிர் அண்டாது. நனைந்த சட்டையோடு ஏறுகிறவனை, அவன் கால் நின்ற மாத்திரத்தில் குளிர் பிடித்துக்கொள்ளும். எட்டு வருஷமாக அவனுடைய ஆட்கள் இப்படித்தான் ஏறினார்கள். ஒருவனும் காய்ச்சலில் படுத்ததில்லை.

கொல்லம் ஆண்டு 1107 மார்கழியில் ஒரு தேயிலைக் கம்பெனி மலைமுகட்டை அளக்க ஏற்பாடு செய்தது. சுமைக்கு ஞானசிங்கும் நான்கு பேரும். நால்வரில் செல்வதாஸ் மட்டும் புதியவன். ஞானசிங்கின் தங்கை பூங்கனியைக் கட்டியவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு முடித்தும் வேலை கிடைக்காமல் சுமைக்கு வந்தவன். பூங்கனி அவன் மூட்டையில் இரண்டாவது சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தாள். ஞானசிங் அதை உருவி அவள் கையிலேயே கொடுத்தான்.

"ஏட்டி, கல்யாணத்துக்கா போறான்? நான் பாத்துக்கிடுதேன்."

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் வாங்கிக்கொண்டாள்.

கீரிப்பாறை தாண்டி, ஆற்றைக் கடந்து, ஒரு பெரிய பாறையடியை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஞானசிங் சுமையை இறக்கி, சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினான். மற்றவர்களுக்கும் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னால் குடையும் மழைக்கோட்டுமாக வந்த ஓவர்சியர் நாராயணபெருமாள் முந்திக்கொண்டார்.

"எலே, என்ன வேடிக்க? சட்டையக் கழத்துங்கலே எல்லாரும்!"

ஓவர்சியர் என்ன ஜாதி என்று சொல்ல வேண்டியதில்லை. சுமைகாரன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர், அவ்வளவு போதும். அவர் சொன்னது என்னவோ சரிதான். போன வருஷம் இவர்கள் ஏறியதைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வரலாமா? மேல்ஜாதிக்காரர் முன்னால் இவர்கள் ஆட்கள் மேலை மறைக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், செல்வதாஸின் தாத்தா, இப்படி ஒருவர் முன்னால் தோள்துண்டை எடுக்க மறுத்ததற்காகப் புளியமரத்தில் கட்டிவைத்து அடி வாங்கியவர். பெண்கள் மேல்துணிக்காகப் பட்ட பாட்டை ஊர்ச் சபையில் இன்றும் ஜெபத்தில் சொல்லி அழுவார்கள்.

செல்வதாஸ் நிமிர்ந்து நின்றான். "கழத்த மாட்டேன்."

"நனைஞ்சு சாவியாலே?"

"செத்தா சாவுதேன். ஒம்ம முன்னால கழத்த மாட்டேன்."

மற்ற மூன்று பேரும் ஞானசிங்கைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். "மாப்பிளே, இது அவருக்காக இல்ல, நமக்காகக் கழத்து" என்று இவன் சொன்னால் அவன் கேட்பான். ஆனால் சொல்லிவிட்டால் ஓவர்சியருக்குப் பணிந்ததாக ஆகிவிடும். ஊரில் நாலு பேர் முன்னால் எப்படித் தலைகாட்டுவது? அந்தப் பாழாய்ப்போன மானம் அவன் வாயை அடைத்தது. கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டான். மூவரும் அதைப் பார்த்துவிட்டுச் சட்டையோடேயே சுமையைத் தூக்கினார்கள்.

"எப்படியும் போங்க" என்றார் ஓவர்சியர். அவருடைய மழைக்கோட்டுக்குள் ஒரு சொட்டு நீர் போகவில்லை.

முகட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. விறகு ஊறிக் கிடந்தது. புகைந்ததே தவிரப் பற்றவில்லை. பழகிய உடம்புகள் நான்கும் எப்படியோ நடுங்கித் தீர்த்தன. செல்வதாஸுக்கு உதடு கறுத்துப் பல் கிட்டிவிட்டது. ஞானசிங் அவன் சட்டையைக் கிழித்து எடுத்தான். மாற்றிப் போட ஒரு முழத் துணி இல்லை, அத்தனை கச்சிதமாக மூட்டை கட்டியிருந்தான் மகாராசன். இருந்த கம்பளிகளைச் சுற்றினான், கையையும் காலையும் தேய்த்தான், கடைசியில் தன் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். காய்ச்சல் வந்தது, பிறகு சன்னி. மூன்றாம் நாள் கூடாரத் துணியில் தூளி கட்டி உடலை இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

அடக்கத்துக்கு ஏழு ஊர்க்காரர்கள் வந்தார்கள். உபதேசியார் முக்கால் மணி நேரம் பேசினார். உயிரை விட்டாலும் விட்டான், ஒருவன் முன்னால் மேலைத் திறக்கவில்லை என்று சொன்னபோது ஆண்களும் விம்மினார்கள். பூங்கனி அழவில்லை, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம். ஞானசிங் குழியோரம் நின்றான். நான்தான் கொன்றேன் என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் வாய் அடைத்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து, மிச்சச் சாமான் ஏற வேண்டியிருந்தது. செல்வதாஸின் இடத்துக்கு அவன் தம்பி சத்தியநேசன் தானாகவே வந்து நின்றான். ஓவர்சியர் நாகர்கோவிலுக்குப் போயிருந்தார். அதே பாறையடியில் மழையும் வந்தது. இந்தத் தடவை ஞானசிங் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பாளையில் சுருட்டினான்.

"கழத்துங்க மக்களே."

ஒருவரும் அசையவில்லை.

"எங்க அண்ணன் கழத்தல்ல" என்றான் சத்தியநேசன்.

"இஞ்ச ஆருலே இருக்கா? நாம அஞ்சு பேருதான. ஆரு முன்னால மானம்?"

"அவன் கழத்தாத எடத்துல நான் கழத்தணுமா?"

 இந்த முறை ஞானசிங் சொல்லிவிட்டான். "மக்கா, அவன் மானத்துக்காகச் சாகல்ல. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தாக் கழத்தியிருப்பான். நான் சொல்லல்ல. இருந்த இன்னொரு சட்டையையும் நானாக்கும் வீட்டுல வெச்சிட்டு வரச் சொன்னது. எனக்க வீம்பு கொன்னுபோட்டுது அவன."

சத்தியநேசனுக்குக் கண் சிவந்தது. "செத்தவனுக்க பேரக் கெடுக்காதேயும் மச்சான். ஓவர்சியர் சொன்னத இப்ப நீரு சொல்லுதேரு."

"அப்பம் சுமை ஏறாது" என்று ஞானசிங் தன் மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

அவர்கள் காலைக்கூடப் பிடிப்பதற்குத் தயாராகத்தான் இருந்தான். அதற்கு இடம் கொடுக்கவில்லை அவர்கள். அவனை எழுப்பி நிறுத்திவிட்டு, மூட்டையைப் பிரித்துத் தங்கள் சுமைகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். மூன்று பேர் எட்டு வருஷமாக அவனிடம் வேலை கற்றவர்கள். கட்டு ஒன்றுகூடப் பிசகவில்லை. நான்கு சட்டைகளும் முதுகோடு ஒட்ட, மழைக்குள் ஏறத் தொடங்கினார்கள். கடைசியில் போனவன் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, வெறும் மேலோடு நிற்கிறவனைப் பார்த்து இரக்கப்பட்டான்.

"சட்டையப் போடும் ஓய். தடுமன் புடிக்கும்."