நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எனக்கு வசதியாக இருக்கும். பொறாமை என் மாமியார் பேரில்.

என் எழுத்து மேசை மாடியறை ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. ஜன்னலுக்கு நேர் கீழே தகரக்கூரை போட்ட ஷெட். அதற்குள் அத்தை ஒரு பழைய டிரக்கைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். மேலே நான் ஒரு நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு முழித்தேன். கீழே ரேடியேட்டர் ஏறியது, ஸ்டீயரிங் ஏறியது, கதவுகள் ஏறின. என் கதாநாயகன் இன்னும் மாடிப்படியே ஏறவில்லை. ஒருநாள் அவனை அங்கேயே நிற்கவைத்துவிட்டு, வேலை நடக்கிற இடத்தில் போய் உட்காருவோம் என்று கீழே இறங்கிவிட்டேன்.

(என் கணவரை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். கதைக்கு அவர் தேவைப்படவில்லை. வீட்டுக்குத் தேவைப்படுகிறார், கவலை வேண்டாம்.)

2

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: 'துருவுக்கும் ஒரு வாசனை உண்டு. அது மறக்கப்பட்டவர்களின்—' இதற்கு மேல் எழுதவில்லை. அத்தை கிரீஸ் கையோடு தாளை வாங்கிப் படித்துவிட்டு, "துருவுக்கு ஏதும்மா வாசனை? பிரேக் ஆயிலுக்குத்தான் வாசனை. நீ மாத்தி முகர்ந்திருப்ப" என்றார்.

இரண்டாவது தொடக்கத்தில் டிரக்கே பேசுவதாக எழுதியிருந்தேன். அதைப் பற்றி நாம் பேசாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவதுதான் நிற்கிறது: அத்தை லாரிகளுக்கு சீட் தைத்தவர். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு பட்டறையின் மூலையில் தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ரெக்சினும் கேன்வாஸும் தைத்தார். எத்தனையோ வண்டிகளுக்குள் ஏறி உட்கார்ந்து அளவெடுத்திருக்கிறார். ஒன்றையும் ஓட்டியதில்லை, ஒன்றின் அடியிலும் படுத்துப் பார்த்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஒரு கல்குவாரி ஏலத்தில் தள்ளிய இந்த டிரக்கை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இத்தனை வருஷம் சீட்டுக்கு மேல என்ன வேணும்னு பாத்தாச்சு. கீழ என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?" என்றார்.

[இங்கே ஒரு விளக்கம். சாதாரண வண்டியில் எஞ்சின் இரண்டு சக்கரங்களைத்தான் இழுக்கும். இந்த வண்டியில் கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டை லீவர் உண்டு. அதைப் போட்டால் நான்கும் இழுக்கும். சேறு, மணல், செங்குத்தான மேடு எதற்கும் சளைக்காது. அத்தை சொன்னபடி எழுதியிருக்கிறேன். பெருமையில் அவர் இரண்டு பங்கு சொன்னார், நான் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறேன்.]

சிக்கல் என்னவென்றால், வண்டியின் பதிவு காலாவதியாகி இருந்தது. வாகன ஆய்வாளர் கடைசித் தவணையாக ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்திருந்தார். அன்றைக்குச் சோதனை மேட்டில் நான்கு சக்கர இயக்கத்தில் ஏறிக் காட்ட வேண்டும். ஏறாவிட்டால் பதிவு ரத்து. அதற்குப் பிறகு வண்டியைத் துண்டு போட்டு எடைக்குத்தான் விற்கலாம்.

3

இனி மாமா. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது.

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி என்றாலே பயம், சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவார். ஆனால் காலையில் அத்தை ஷெட்டுக்குள் நுழைந்தால் பின்னாலேயே டார்ச் லைட்டோடு போய்விடுவார். கேட்ட இடத்தில் வெளிச்சம் அடிப்பார், தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். இவரை நல்லவர் என்று எழுதி முடித்துவிட்டேன். அப்போதுதான் எதிர்வீட்டுக்காரர் கேட்டருகில் வந்து நின்றார்.

"வண்டி ஜோரா வருதே. யாரு சார் மெக்கானிக்?"

"தெரிஞ்ச ஆளுதான். வந்து போயிட்டிருக்கார்" என்றார் மாமா.

அந்தத் தெரிஞ்ச ஆளின் இரண்டு கால்கள், மாமாவின் பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு, அப்போது வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

எனக்குச் சுருக்கென்றது. மாமாவை வில்லனாக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மீசை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவருக்கு இருந்தது கெட்ட எண்ணம் இல்லை, பயம்தான். நாளைக்கு வண்டி ஓடாமல் போனால் தெரு சிரிக்குமே, அந்தச் சிரிப்பு, இல்லவே இல்லாத ஒரு மெக்கானிக்கின் தலையில் விழட்டும் என்ற கணக்கு. இருந்தாலும் அது அத்தையின் உழைப்பை யாருக்கோ தூக்கிக் கொடுப்பதுதானே. நான் அத்தையிடமே கேட்டுவிட்டேன்.

"நீங்க ஏன் சும்மா இருக்கீங்க?"

"நான் வாயால சொன்னா யாரு நம்பப் போறா? வெள்ளிக்கிழமை நாலு சக்கரமும் இழுத்து மேட்டுல ஏறட்டும். அதுக்கப்புறம் அவரே சொல்லுவார்."

சொல்லிவிட்டு ஸ்பானரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை. அத்தை அடக்கமான ஆள் இல்லை. ஒரு நட்டை இறுக்கினாலும் பாத்தியா என்று கேட்பவர். அவர் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

4

அந்த வாரத் தொடக்கத்தில் வண்டி கிளம்பியது. அத்தை ஓட்டப் பழகி உரிமம் வாங்கியது ஒரு தனிக் கதை, அதை இதில் சொருகினால் இரண்டும் கெடும். பின்சக்கர இழுப்பில் கேட்டைத் தாண்டி வெளியே போய், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்துக் காலிமனைக்குள் திரும்பியது. நான் கைதட்டினேன். எதிர்வீட்டுக்காரர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அத்தை குட்டை லீவரைப் போட்டார்.

வண்டி முனகியது. பின்சக்கரங்கள் முன்னால் போகப் பார்த்தன, முன்சக்கரங்கள் பின்னால் வரப் பார்த்தன. நான்கும் மண்ணைத் தோண்டின. வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

"ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கற மாதிரி இருக்கே" என்றார் மாமா.

அத்தை எஞ்சினை அணைத்தார். பின்சக்கர இழுப்புக்கு மாற்றி வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினிலிருந்து முன் அச்சுக்கு வரும் தண்டை மாமாவைத் திருப்பச் சொன்னார். சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தார். பிறகு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தைக்கிற புத்தி" என்றார்.

என்ன நடந்தது என்றால், சீட் உறையை உள்பக்கம் வெளியே இருக்கும்படி போட்டுத்தான் தைக்க வேண்டும். அப்போது இடப்பக்கம் வலத்தில் கிடக்கும், வலப்பக்கம் இடத்தில் கிடக்கும். தைத்து முடித்துத் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும். வேலை பார்த்த நாளெல்லாம் அத்தையின் கை இதை யோசிக்காமலே செய்து பழகியிருந்தது. முன் அச்சின் நடுவில் குடம் மாதிரி வீங்கிய ஒரு கூடு உண்டு, அதற்குள் ஒரு பெரிய பல்சக்கரம். அத்தை அச்சைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்தபோது, கை தன் வழக்கப்படி இடத்தை வலமாக்கிப் பல்சக்கரத்தை மாட்டிவிட்டது. இரும்பை யாரும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவதில்லை என்பதை அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

5

இங்கிருந்து கதை இரண்டாகப் பிரிகிறது.

முதல் முடிவை மாமா சொன்னார். "ரெண்டு சக்கரத்துல நல்லாத்தானே ஓடுது. முன்னாடி தண்டைக் கழட்டிப் போட்டுட்டு, சாதா வண்டின்னு பதிவை மாத்தித் தரச் சொல்லிக் கேட்டுடலாமே. மேடெல்லாம் ஏற வேணாம். வெள்ளிக்கிழமையே முடிஞ்சிடும்."

நல்ல முடிவுதான். எழுதுகிறவளுக்கும் சௌகரியம். நான் அதை எழுதியும் பார்த்தேன்: 'அத்தை பெருமூச்சுவிட்டார். வாழ்க்கையில் எல்லாச் சக்கரங்களும்—' அத்தை அந்தத் தாளைப் படித்தார். பிறகு அதைக்கொண்டே ஸ்பானரைத் துடைத்தார்.

"நாலும் இழுக்கிற வண்டின்னுதான் நான் வாங்கினேன்" என்றார். "மறுபடியும் பிரிக்கணும். டார்ச்சைப் பிடிங்க."

அதாவது, பிரித்து மாட்டி முடிவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் வண்டி எடைக்குப் போகும். அது தெரிந்துதான் பிரித்தார்.

6

(இந்தப் பகுதியில் நான் பிரமாதமாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நட்டுகளைக் கழுவி வரிசையாக வைக்கும் வேலை எனக்கு வந்துவிட்டது. இந்தக் கதைக்காக நான் செய்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான்.)

7

வெள்ளிக்கிழமை. ஆய்வாளர் அலுவலகத்துக்குப் பின்னால் ஜல்லி கொட்டிய செங்குத்தான மேடு. அத்தை பல்சக்கரத்தைச் சரியான பக்கம் மாட்டி அச்சை மூடியிருந்தார். சக்கரம் இப்போது சரியாகச் சுற்றுவதை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தாயிற்று. ஆனால் எடை ஏறி, மேட்டில் நின்று அது தாங்குமா என்று பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அத்தை நல்ல சேலை உடுத்தி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

ஆய்வாளருக்குச் சளி. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தார்.

"முன் அச்சைப் புதுசாப் பிரிச்சு மாட்டியிருக்கே. யாரு செஞ்சது? எந்தப் பட்டறை?"

கேள்வி மாமாவைப் பார்த்து வந்தது. எல்லாக் கேள்விகளும் அவரைப் பார்த்துத்தான் வரும். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த வசனத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

"தெரிஞ்ச ஆளு..." என்று ஆரம்பித்தார் மாமா. நிறுத்தினார். மேட்டைப் பார்த்தார். பிறகு வண்டிக்குள் பார்த்தார்.

"ஆளெல்லாம் யாரும் இல்ல சார். என் சம்சாரம்தான். முழு வண்டியும் அவங்க செஞ்சதுதான். முன் அச்சை ரெண்டு தடவை பிரிச்சாங்க. முதல் தடவை பல்சக்கரம் பக்கம் மாறிப்போச்சு. அதைக் கண்டுபிடிச்சதும் அவங்கதான்."

ஆய்வாளர் கைக்குட்டையை இறக்கினார். "தப்பை ஏன் சார் என்கிட்ட சொல்றீங்க?"

"தப்பைக் கண்டுபிடிச்சுத் திருப்பி மாட்டினது அவ்ளோ பெரிய வேலை சார். அதை விட்டுட்டு எப்படிச் சொல்றது?"

நான் எழுதி வைத்திருந்த வசனம் என் பைக்குள் மடங்கிக் கிடந்தது. அதைவிட நல்ல வசனத்தை நான் இந்த ஜென்மத்தில் எழுதப்போவதில்லை. வண்டி ஏறுமா ஏறாதா என்று தெரியாத நேரத்தில், தெருவின் சிரிப்புக்குப் பயந்த மனிதர் சொன்னது அது. என் நெஞ்சு நிறைந்துவிட்டது, இரண்டு பேரையும் நினைத்து.

அத்தை நேராக மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "தள்ளி நில்லுங்க. ஜல்லி தெறிக்கும்" என்றார் மாமாவிடம். பழைய மிடுக்கு அப்படியே திரும்பியிருந்தது.

குட்டை லீவரைப் போட்டார்.

8

இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். 'ஏறியது' என்று எழுத எனக்கு ஒரு சொல் போதும். ஆனால் என் சொல்லில் ஏறினால் அது என் வண்டியாகிவிடும். நீங்களும் படித்துவிட்டு, நன்றாக முடித்திருக்கிறாள் என்று என்னைத்தான் பாராட்டுவீர்கள். இந்த வண்டியின் பேரைச் சொல்லி, இல்லாத மெக்கானிக் ஒருவர் ஏற்கெனவே போதுமான பாராட்டு வாங்கிவிட்டார். நானும் வரிசையில் நிற்க மாட்டேன்.

கடைசி வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஏறியது என்று எழுதுகிறவர்கள், எழுதிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஏறவில்லை என்று எழுத நினைக்கிறவர்கள் மட்டும் நேரில் வந்து அத்தையிடம் சொல்ல வேண்டும். வீட்டில்தான் இருப்பார். என்னிடம் சிபாரிசுக்கு வராதீர்கள். நான் அத்தை கட்சி.