சுவர்ச் சந்தில் இரண்டு குட்டிகள்

பூனை என்றாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆம்பூரில் எங்கள் தெரு பிரியாணிக் கடைகளுக்குப் பின்பக்கம். எலும்புக்குக் குறைவில்லை, அதனால் பூனைக்கும் குறைவில்லை. மாடிப்படி, வண்டி சீட்டு, மாவுக் குண்டான் மூடி, எங்கே பார்த்தாலும் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

நான் வீட்டிலேயே ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள். ஏஜென்ட் நசீர் அகமது கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார், கையால் தைத்து வைத்தால் எடுத்துப்போவார். தோலில் நகம் பட்டால் போச்சு. போன வாரம் ஒரு சாம்பல் பூனை மூட்டைக்குள் ஏறிப் படுத்து, பத்து ஜோடியைப் பிராண்டி வைத்தது. நசீர் பாய் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? எல்லாம் ரிஜெக்ட். இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா மூட்டை வேற வூட்டுக்குப் போய்டும்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அன்று மதியமே மத்தித் தலையைக் காட்டி அந்தச் சாம்பல்காரியைக் கோணிக்குள் அமுக்கினேன். அமுக்கும்போது உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஈரம் பட்டது. மூத்திரம் போய்விட்டது சனியன் என்று நைட்டியில் துடைத்துக்கொண்டேன். பூனைக்குத் திரும்பி வர வழி தெரியக்கூடாது என்று எங்கள் பக்கம் கோணியை மூன்று சுற்று சுற்றுவார்கள். நான் ஆத்திரத்தில் ஏழு சுற்று சுற்றினேன். என் வீட்டுக்காரர் வேலாயுதம் அதை வண்டியில் கொண்டுபோய்ப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், மீன்கடைகள் ஓரமாக அவிழ்த்துவிட்டு வந்தார். அன்று நிம்மதியாக உட்கார்ந்து தைத்தேன்.

மறுநாள் காலை சுவருக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டு மஹ்பூபி அக்காவின் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் சந்து. எலிக்குப் பயந்து இரண்டு முனையையும் செங்கல் வைத்துப் பூசியாயிற்று. மேலே மட்டும்தான் திறப்பு. மாடியில் குப்புறப் படுத்து செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். அடியில் கந்தல் துணி மேல் இரண்டு குட்டிகள், கண்கூடத் திறக்காதவை. பாதியில் போகிற தண்ணீர்க் குழாயில் கால் வைத்துத் தாய் ஏறி இறங்கியிருக்கிறது. அப்போதுதான் என் உள்ளங்கையில் பட்டது என்ன என்று புரிந்தது. அது பால்.

என் வீட்டுக்காரர் முன்பக்கச் செங்கலை உடைத்தே விட்டார். உள்ளே வீடு கட்டினபோது கொட்டின காரைக் கட்டி இடுப்பு உயரத்துக்கு இறுகிக் கிடந்தது, கை உள்ளே போகவில்லை. எங்கள் பக்கச் சுவரில் ஓட்டை போடலாமா என்று கேட்க வீட்டு ஓனர் முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன்.

"பூனைக்கோசரம் செவுத்த இடிக்கச் சொல்றியா? மொதல்ல நீ காலி பண்ணு."

"எங்க பக்கம் ஒடச்சிக்கோ, அமிர்தம்," என்றார் மஹ்பூபி அக்கா. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தார். பழைய சுவர், மேலே தண்ணீர் டேங்க், ஒரு கல்லை உருவினாலும் எல்லாம் இறங்கிவிடும் என்று கையை விரித்துவிட்டார்.

குட்டிகளைத் தூக்க மேலிருந்து கம்பில் துணி சுற்றி இறக்கினேன். குழாய் இடித்தது. கம்பை வளைத்து நெட்டியதில் ஒரு குட்டி படுத்திருந்த கந்தலை விட்டு உருண்டு, காரைக் கட்டிக்கு அடியில் போய்விட்டது. நானே தள்ளினேன். பஞ்சில் பாலைத் தோய்த்துக் கயிற்றில் இறக்கினால், பால் இன்னொரு குட்டியை நனைத்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் இரண்டு பேரும் மீன்கடைப் பக்கம் போனோம். சாம்பல் பூனையாகவே நாலைந்து திரிந்தன. ஒன்றும் நம்முடையது இல்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று கூப்பிடுவது? இத்தனை நாளில் 'ச்சூ' என்று விரட்டினதைத் தவிர நான் அதனிடம் வேறு ஒரு வார்த்தை பேசினதில்லை. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

"வா, போலாம்," என்று வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த நாள் முழுக்கச் சத்தம் இருந்தது. ஊசியைக் கையில் எடுத்தால் கேட்கும், மிக்சி ஓடினால் நிற்கும், மிக்சியை நிறுத்தினால் மறுபடி கேட்கும். பொழுது சாயச் சாய ஒரு குரல்தான் மீதி.

மூன்றாம் நாள் விடிந்து மாடிக்கு ஏறினேன். அங்கே ஒரு சத்தமும் இல்லை. மஹ்பூபி அக்கா தன் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ராவுல தாய்க்காரி வந்திருக்கும், அமிர்தம். ரெண்டையும் தூக்கினு போய்ட்டிருக்கும்."

"ஆமாக்கா. வந்து கத்துச்சு, நானும் கேட்டேன்," என்றேன்.

நான் எதையும் கேட்கவில்லை. சந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருந்தது. அவரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும் எட்டிப் பார்க்கவில்லை.