புழுக்களுக்கு அவித்த கீரை

1

இந்தக் கதை பிறந்தது ஒரு சட்டிக் கீரையில். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இரட்டைச் சகோதரிகள் இருக்கிறார்கள். யதுஷா பல்கலைக்கழகத்தில் கடற்புழுக்களை ஆராய்கிறாள். றேணுகா காலி வீதிப் புடவைக் கடையில் வேலை செய்து அவளைப் படிப்பிக்கிறாள். (இரட்டையருக்கு ஒட்டிய பெயர் வைப்பதுதான் வழக்கம். நான் மாற்றிவிட்டேன். ஆட்கள் யாரென்று தெரிந்தால் எனக்குத் தண்ணீர் மோட்டர் போட்டுத் தரமாட்டார்கள்; சுவிச் மேலேதான் இருக்கிறது.)

வேலைநிறுத்தத்தால் ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தது. புழுக்கள் கண்ணாடிக் கிண்ணங்களில் வீட்டு ஜன்னலுக்கு வந்தன. அவற்றின் சாப்பாடு வெறும் தண்ணீரில் அவித்த பசளிக்கீரை. அவிப்பது றேணுகா. போன கிழமை, கை போன போக்கில், அதில் பச்சைமிளகாய் கிள்ளிப் போட்டுத் தேங்காய்ப்பாலும் விட்டுவிட்டாள். யதுஷா போனைப் பார்த்தபடியே அதைக் கிண்ணங்களில் போட்டாள். விடியும்போது, கீரை எட்டாத கடைசிக் கிண்ணம் மட்டும் உயிரோடிருந்தது.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

‘கடலுக்குள் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள்.’ (வேண்டாம். குழந்தைகளைத் தூங்கவைக்கலாம்.)

‘ஒவ்வொரு முட்டைக்குப் பின்னாலும் ஒருத்தி’ (இது பட்டிமன்றம்.)

சரி, கண்டதைச் சொல்கிறேன். யதுஷா ஒருநாள் என்னை நுணுக்குக்காட்டிக்குள் பார்க்கவைத்தாள். சோற்றுப்பருக்கை நீளம்கூட இல்லாத புழு, உள்ளே எல்லாம் தெரிந்தது. அதன் உடல்நீரில் சோடி சோடியாக உயிர்க்கலங்கள் மிதந்தன. ஒன்று முட்டைக் கலம், மற்றது ஊட்டக் கலம். ஒரே கலத்திலிருந்து பிரிந்த சகோதரிகள். நடுவே மெல்லிய பாலம். ஊட்டக் கலம் தன்னிடமுள்ளதையெல்லாம் அந்தப் பாலத்தால் அனுப்பிக்கொண்டே இருக்கும். முட்டை நிறைய நிறைய, அது சுருங்கி, ஒருநாள் கழன்றுபோகும்.*

புழு மெதுவாகத் திரும்பியது. சோடிகள் எல்லாம் சேர்ந்து திரும்பின. ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்ததா, கண்ணாடிக்குக் கீழேயா என்று சற்று நேரம் எனக்குத் தெரியவில்லை. இறங்கி வரும்போது படிகளும் மிதந்தன.

* இந்த இடத்தில் ‘தியாகம்’ என்று எழுதி வெட்டினேன். அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

3

றேணுகா என் வரைவைக் கேட்டு வாங்கி வாசித்தாள்.

“நாகேஸ்வரி அன்ரி, இதில நான் ஆர்?”

“உனக்குத் தெரியாதோ?”

“சுருங்கிப் போறது நானாக்கும்.” தாள்களை மடித்தாள். “ஆனா தொடக்கத்தில அதுதான் பெரிசு. முட்டையை விடப் பெரிசு. அவள் எனக்கும் காட்டினவள். நீங்கள் அதை எழுதேல்லை.”

(உண்மை. எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.)

என் பாத்திரத்தின் மேல் எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. “பிள்ளை, தெரிஞ்சுதான் பால் விட்டனியோ?”

அவள் மடித்த தாள்களை என் மடியில் வைத்தாள்.

“தெரியேல்லை அன்ரி. கைதான் விட்டது. ஆனா அவள் அழேக்குள்ள எனக்கு அழுகை வரேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு.”

4

ஹியூபேட்டை நான் இன்னும் கதைக்குள் விடவில்லை. கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை. இந்தப் புழுக்கள் படகின் அடியில் சுரண்டியெடுத்த பாசியில் வந்தவை. தங்கைக்காக அந்தப் பாசி வாளிகளை அவனிடம் வாங்கப் போய்வந்தவள் றேணுகா. வாளிகள் நிரம்பின, கதையும் நிரம்பியது. இப்போது அவனுக்குத் திருகோணமலைக்கு மாற்றம். கூட வரச்சொல்லிக் கேட்டிருக்கிறான்.

முடிவு அ: றேணுகா போகிறாள். யதுஷா படிப்பைப் பாதியில் விட்டு அந்தப் புடவைக் கடைக்கே

(விட்டுவிட்டேன். அவளுக்கு ஏன் இந்தத் தண்டனை?)

முடிவு ஆ: றேணுகா நிற்கிறாள். யதுஷா பட்டம் வாங்கும் படத்தில் ஓரமாக

(எழுதக் கை வரவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், றேணுகா போகவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் யதுஷா தனியே நின்று என்ன செய்வாள்? ஆய்வு முடிய இன்னும் காலம் கிடக்கிறது.)

5

இன்று பின்னேரம் மோட்டர் போடச்சொல்ல மேலே போனேன். கீழே ஹியூபேட் முச்சக்கரவண்டியில் காத்திருந்தான். அவனுக்கு இன்றைக்குப் பதில் வேண்டும்.

றேணுகா செருப்பு மாட்டி, தோளில் பையோடு, வாசலில் நின்றாள். பை கடைக்குப் போகும் பையா, பெரியதா என்று பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

குசினியில் யதுஷா. கையில் கீரைப்பிடி, அடுப்பில் சட்டி. மிஞ்சிய ஒரு கிண்ணத்துக்காக. அந்த வீட்டில் அவள் அடுப்படியில் நின்று நான் கண்டதே இல்லை.

“றேணு,” என்றாள் திரும்பாமல். “இதை எவ்வளவு நேரம் அவிக்கிறது?”

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ‘விடு, நான் அவிக்கிறன்’ என்பது ஒன்று. ‘அஞ்சு நிமிசம் காணும், பால் விடாதை’ என்பது மற்றது. இவ்வளவு தூரம் உங்களுக்கு நான்தான் ஊட்டிவந்தேன். இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

கீழே ஹோர்ன் ஒருமுறை அடித்தது. றேணுகா தங்கையின் முதுகைப் பார்த்தபடி வாயைத் திறந்து,