தலைக்கு மேலே ஒரு கதவு

என் நாத்தனார் என் முகத்தில் அறைந்து சாத்திய கதவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பெயிண்ட் அடித்த பலகைக் கதவு. குறுக்கே தடித்த சட்டம், இரும்புத் தாழ்ப்பாள். அவள் வீட்டு மாடிப்படி என் ஜன்னலை அடைத்துக்கொண்டு எழும்பியபோது நியாயம் கேட்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது. ஒரே சுவரின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் தையல் மிஷினை மிதித்தால் அவளுக்குக் கேட்கும். எதிரெதிரே வந்துவிட்டால் மட்டும் இரண்டு பேரும் ஆற்றை அப்படி ரசிப்போம்.

அவள் என் வீட்டுக்காரருக்கு அக்கா. படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற வேலை. தெருவில் அவளுக்குப் பெயர் சைரன். அக்கரையில் நிற்பவனை இக்கரையிலிருந்தே வரிசையில் நிறுத்திவிடுகிற குரல். என் வீட்டுக்காரர் அதே துறையில் படகு ஓட்டுகிறார். அந்தக் குடும்பத்துக்கு அளந்து வைத்த பேச்சையெல்லாம் அக்காவே எடுத்துக்கொண்டதால், இவருக்கு "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது.

நான் தார்ப்பாய் தைக்கிறவள். படகுக்கு உறை, கடைக்கு மறைப்பு, லாரிக்குப் போர்வை. என் வீட்டுக் கூரையும் நான் தைத்ததுதான். சுவரெல்லாம் செங்கல்லில் எழுப்பி, தளத்துக்குக் கம்பியும் வாங்கிப் போட்டு, அதற்கு மேல் கை ஓடாமல் நின்றுபோன வீடு அது. மேலே இரட்டைத் தையல் போட்ட தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தேன். எந்த மழையும் ஒரு சொட்டு உள்ளே விட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் தெரு தண்ணீரில் போய் முடிகிறது. என் வீடு கடைசி வீடு. அதை ஒட்டித்தான் ஆற்றுக்குள் இறங்கும் சரிவு. எந்த அரசாங்கமும் போட்டுக் கொடுத்ததல்ல. ஆளாளுக்கு வீடு கட்டி மிஞ்சிய செங்கல், உடைந்த ஓடு, காய்ந்த கலவை என்று கொட்டிக் கொட்டி, மிதித்து மிதித்து நாங்களே உண்டாக்கிய சரிவு. படகை இழுத்து ஏற்றுவதும் அதில்தான், துணி துவைப்பதும் அதில்தான், பிள்ளைகள் நீச்சல் பழகுவதும் அதில்தான்.

வீடுகளும் அப்படி எழும்பியவைதான். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் தளம் போட்டாலும் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போவதில்லை. கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். கூலி கிடையாது, கூப்பிடவும் வேண்டாம். மிக்சர் மெஷின் சத்தம் கேட்டால் கால்கள் தானாக வந்துவிடும். சண்டைக்காரர்களும் வருவார்கள். சட்டியை வாங்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இப்படி இருந்த தெருவுக்கு ஒரு திங்கட்கிழமை நகரமைப்பு அலுவலகத்து அதிகாரி வந்தார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. ஆற்றங்கரை முழுக்கப் புது நடைபாதை வரப்போகிறதாம். வீடு என்று பதிவாவது நிற்குமாம், காலிமனை என்று பதிவாவது புல்வெளி ஆகுமாம்.

என் வீட்டுக்குள் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"கூரை எங்கம்மா?"

"உங்க தலைக்கு மேல."

"இது தார்ப்பாய்."

"நான் தச்சது."

"யார் தச்சாலும் தார்ப்பாய் தார்ப்பாய்தானேம்மா. கான்கிரீட் தளம் இருந்தாத்தான் வீடு. தகரம்கூடச் செல்லாது."

"அப்ப இத்தனை வருஷமா நான் காலிமனையிலயா சமைச்சேன்?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையிலிருந்த பலகைபோன்ற கருவியில் ஒரு படத்தைக் காட்டினார். எங்கள் கரைதான், ஆனால் குளித்துத் தலைசீவியதுபோல் இருந்தது. கண்ணாடித் தடுப்பு, விளக்குக் கம்பங்கள், நடக்கிற வெள்ளைச் சட்டைக்காரர்கள். சரிவைக் காணோம். என் வீடு இருந்த இடத்தில் புல். புல்லின் மேல் ஒரு நாய், சரியாக என் அடுப்பு இருக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அடுத்த திங்கக்கிழமை கடைசி அளவு எடுக்க வருவோம். காலிமனைன்னு எழுதினதை அன்னைக்கே சுத்தம் பண்ணச் சொல்லி உத்தரவு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் வீடு போனால் சரிவு போகும். சரிவு போனால் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வேடிக்கைப் பொருள்தான். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். கையில் கத்தரிக்கோல் இருந்தது. அவர் நல்ல நேரம், கீழே வைத்துவிட்டேன்.

மேஸ்திரிதான் வழி சொன்னார். தெருவில் பாதி வீட்டுக்கு அடித்தளம் போட்டவர் அவர். "அவங்களுக்கு வேண்டியது தளம். அவ்வளவுதானே? ஞாயித்துக்கிழமை போட்டுடுவோம்."

கம்பி என்னிடம் இருந்தது. மணலும் ஜல்லியும் படகில் வந்தன. யார் யார் வீட்டிலோ பாதி உபயோகித்த சிமெண்ட் மூட்டைகள் என் வாசலில் வந்து உட்கார்ந்தன. ஆனால் கலவையைத் தாங்க அடியில் சென்ட்ரிங் பலகை வேண்டுமே? ஊரிலிருந்த தகடு, பலகை அத்தனையையும் நடைபாதை வேலைக்கு வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். மேஸ்திரி அலையாத இடமில்லை. சனிக்கிழமை காலையில் வெறுங்கையோடு திரும்பி வந்தவர், என் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். பிறகு தன் வீட்டுக்குப் போனார். கீல் கழற்றும் சத்தம் கேட்டது. தன் வீட்டு முன்கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என் சுவரில் சாத்தினார்.

"பலகைதானே வேணும்," என்றார்.

அவ்வளவுதான், தெருவுக்கே கிறுக்குப் பிடித்தது. நீலக் கதவு, செருப்புக் கடைக்காரரின் நம்பர் செதுக்கிய கதவு, குழந்தை ஆணியால் கிறுக்கிய கதவு என்று வரிசையாக வந்தன. ஒரு வீட்டில் குளியலறைக் கதவைக்கூடக் கழற்றிவிட்டார்கள். அந்த வீட்டு மருமகள் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தாள், அது நியாயம்தான். மேஸ்திரி கதவுகளை முட்டுக் கொடுத்து நிறுத்தி, கான்கிரீட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசினார். என் தார்ப்பாயை நானே அவிழ்த்து இறக்கினேன். அப்போது அழுதேன். அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தேன்.

பச்சைக் கதவு மட்டும் அதன் இடத்திலேயே இருந்தது, சாத்தியபடி. நான் கேட்கவில்லை. செத்தாலும் கேட்டிருக்கமாட்டேன். அவள் சுவரை ஒட்டிய மூலையில் பலகை பற்றவில்லை. பழைய பெட்டிகளை உடைத்து ஆணியடித்துச் சமாளித்தார் மேஸ்திரி.

ஞாயிற்றுக்கிழமை மிக்சர் சத்தம் போட்டது. எல்லோரும் வந்தார்கள். சட்டிகள் பறந்தன. நாத்தனாரைக் காணோம். வழக்கத்தை மீறி அவள் வராமல் இருந்தது எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாவது வந்திருக்கலாமே.

மதியத்துக்கு மேல், பாதிக்கும் அதிகமாகப் போட்டாகிவிட்ட நேரத்தில், அந்த மூலையில் படார் என்று ஒரு சத்தம். பெட்டிப்பலகை ஓட்டை விட்டுக் கலவை கீழே கொட்ட ஆரம்பித்தது. மேஸ்திரி போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கீழே ஓடினேன். உடைந்த பலகையை ஆள்கள் பிய்த்து எடுத்தார்கள். அதன் இடத்தில் கொடுக்க ஒன்றுமில்லை. நான் தையல் மிஷின் பலகையைக் கழற்றப் போனேன்.

வாசலில் பச்சைக் கதவு நின்றது. அதற்கு அடியில் இரண்டு கால்கள். கதவை முதுகில் சுமந்துகொண்டு, இடுப்பில் டிக்கெட் பையோடு, வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்திருந்தாள் என் நாத்தனார்.

"என்னடி முழிக்கிற? பிடி!" என்றாள்.

பிடித்தேன். கம்பிக்கு அடியில் நாங்கள் இரண்டு பேரும் கதவைத் தூக்கிக் கொடுக்க, முட்டுகள் ஏறின. எங்கள் தலையிலும் தோளிலும் கலவை வழிந்தது. எண்ணெய் பூச வேண்டும் என்பது மேஸ்திரி உட்பட ஒருவருக்கும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

மறுநாள் காலையில் அதிகாரி வந்தார். அவருக்குப் பின்னால் பொக்லைன் வந்தது.

"ஈரமா இருக்கிறதெல்லாம் கூரை இல்லம்மா," என்றார். குரலில் வருத்தம்கூட இருந்தது. "முந்தாநாள் இல்லாதது இன்னைக்குக் கணக்குல வராது. நான் காலிமனைன்னுதான் எழுதணும்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லோரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிற எனக்கு, அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை. மெஷின் கையைத் தூக்கியது.

நாத்தனார் அதை ஒரு தடவை பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். நேராக என் வீட்டுக்குள் போய், முட்டுகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேஸ்திரி வந்தார், செருப்புக் கடைக்காரர் வந்தார், குளியலறைக் கதவுக்கு முணுமுணுத்த மருமகளும் வந்தாள். கால் நீட்ட இடமில்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மேலேயிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக என் வீட்டுக்காரர் குனிந்து நுழைந்தார்.

"நீங்க எதுக்கு? பார்க்கலாம்னு வெளியிலயே நிக்கிறதுதானே?" என்றேன்.

"பார்த்தாச்சு," என்றார்.

அதிகாரி வாசலில் குனிந்தார். முகம் வெளுத்திருந்தது. "வெளியில வாங்க. ஈரத் தளத்துக்குக் கீழ உக்காரக் கூடாது. ஒரு முட்டு நழுவினா அவ்வளவுதான்!"

"நழுவாது. நாங்க வச்சது," என்றாள் நாத்தனார்.

"மெஷின் இடிச்சா?"

"அது உங்க கையில இருக்கு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணாந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார். தலைக்கு மேலே நீலமும் மஞ்சளும் பச்சையுமாகக் கதவுகள். தாழ்ப்பாள்கள், கீல்கள், குழந்தையின் கிறுக்கல்.

"இதெல்லாம் என்ன?"

"கதவு."

"யாருடையது?"

"தெருவோடது."

"அப்ப உங்க வீட்டுக்கெல்லாம்?"

எனக்கு அப்போதுதான் நாக்கு திரும்ப வந்தது. "எல்லா வீடும் திறந்துதான் கிடக்கு சார். போய் நல்லா அளந்துக்கோங்க. எங்க கூரையெல்லாம் சரியா இருக்கும். ஆனா இந்த வீட்டை இடிச்சா, இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் கதவு கிடையாது. அதையும் சேர்த்து எழுதிக்கோங்க."

மேலேயிருந்த கதவுகளை விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு வெளியே போய் மெஷின்காரனிடம் கையை ஆட்டினார். மெஷின் பின்வாங்குகிற சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

"முட்டு எடுத்தப்புறம் வர்றேன்," என்றார் வாசலிலிருந்து. "நின்னா வீடுன்னு எழுதறேன்."

தளம் இறுகும்வரை அதன் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஆற்றிலிருந்து சரிவு வழியாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஏறியது. முறை போட்டுக்கொண்டு எந்நேரமும் சில பேர் கீழே உட்கார்ந்திருந்தோம். தெருவில் எந்த வீட்டுக்கும் கதவில்லை. யார் வீட்டில் என்ன சமையல், யார் வீட்டில் என்ன சண்டை என்று எல்லாம் வெட்டவெளிச்சம். நான் என் பழைய கூரையை வெட்டி வீட்டுக்கு வீடு திரை தைத்துக் கொடுத்தேன். நாத்தனார் வீட்டுத் திரைக்கு மட்டும் ஓரத்தில் இன்னொரு தையல் போட்டேன். அவள் தடவிப் பார்த்துவிட்டு, "இழுத்துச் சாத்த முடியாது போலிருக்கே," என்றாள்.

"அதுக்குத்தான் அண்ணி," என்றேன்.

முட்டு எடுத்த அன்று கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பச்சைக் கதவு இறங்கவில்லை. மேஸ்திரி தட்டினார், நெம்பினார், தொங்கியும் பார்த்தார். தாழ்ப்பாளோடு தளத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. அப்போதுதான் எண்ணெய் பூச மறந்ததே அவருக்கு உறைத்தது. கடப்பாரையை எடுத்தார்.

நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. பிச்சா தளத்துல காயமாயிடும். இருந்துட்டுப் போகட்டும்."

அதிகாரி வந்து பார்த்தார். என் வீட்டுக் கூரையில் தெருவின் கதவுகள் அத்தனையும் அச்சாகப் பதிந்திருந்தன, செருப்புக் கடைக்காரரின் நம்பர் உட்பட, திருப்பிப் போட்டபடி. மூலையில் நிஜமாகவே ஒரு கதவு. "இதை ஏன் எடுக்கலை?" என்று கேட்டார். "வரமாட்டேங்குது," என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு "வீடு" என்று எழுதினார்.

நடைபாதை வந்துவிட்டது. கண்ணாடித் தடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பளபளக்கிறது. ஆனால் என் வீட்டருகே அது நின்றுவிடுகிறது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் அங்கே இறங்கி, எங்கள் தெரு வழியாக வந்து, படகுக்கும் துணிக்கும் வழிவிட்டு, சரிவைத் தாண்டித்தான் மறுபடி ஏற வேண்டும். சில பேர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

நாத்தனார் இன்னும் புதுக் கதவு போடவில்லை. கேட்டால், பார்க்கலாம் என்கிறாள், தம்பியைப்போல. மதியத்தில் துறையில் கூட்டமில்லாத நேரத்தில் என் வீட்டுக்கு வந்து, தைத்து வைத்த தார்ப்பாய் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி என்னை ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் மிஷினை மிதித்துக்கொண்டே பதிலுக்குப் பதில் கொடுப்பேன். என் ஜன்னலை அடைத்த படிக்கட்டுக்கான சண்டை இன்னும் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் போடுகிறோம். ஆனால் அன்றைக்கு என் முகத்தில் அறைந்த அந்தக் கதவை இனி அவளால் சாத்த முடியாது. அவளால் மட்டுமல்ல, யாராலும் முடியாது.