ஓரேப் சபை டீக்கன்மாரின் பசி

எங்கள் ஓரேப் சபையை நடத்தும் டீக்கன்மாரை மதிக்கிறாயா என்று யாராவது கேட்டால், அவர்கள் உட்காரும் பெஞ்சை மதிக்கிறேன் என்பேன். நல்ல பைன் மரம். பிரசங்க பீடத்துக்குக் கீழே, சபையைப் பார்த்தபடி வளைத்துப் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அதைத் துடைப்பவள் நான்தான். அதில் உட்காருகிறவர்களைத் துடைக்கத்தான் வழியில்லை.

அவர்களில் பெரியவர் ஜவுளிக்கடை பேனன். தெருச் சாக்கடையைத் தாண்டுவதானாலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பக்தியோடு தாண்டுகிற ஆள். கடைக்குதிரை செத்தபோது நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதவரும் இவர்தான். அதை யாரும் இப்போது பேசக்கூடாது.

அந்த நவம்பரில் கெத்தூரா ப்ரோபர்ட் இறந்துபோனாள். புருஷனை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, ஊரார் சட்டைகளைத் தைத்து ஒரே மகள் மோர்வித்தை வளர்த்தவள். எங்கள் பள்ளத்தாக்கில் சவ ஊர்வலம் ஆண்களுக்கு மட்டும். பெட்டி வாசலைத் தாண்டியதும் பெண்கள் சன்னல் திரையை இழுத்துவிட்டு, சபைக்குப் பின்னால் இருக்கும் கூடத்துக்குப் போய்த் திரும்பி வரும் ஆண்களுக்குத் தேநீர் போட வேண்டும், வேகவைத்த பன்றித்தொடையை அறுத்து வைக்க வேண்டும். செத்தவனைப் பெற்றவளானாலும் சரி, செத்தவள் பெற்ற மகளானாலும் சரி, இதுதான் வழக்கம்.

மோர்வித் எதையும் வாய்விட்டுக் கேட்கிற பெண் இல்லை. அன்று கேட்டாள். அம்மாவுக்குப் பின்னால் நடக்க வேண்டும், குழியில் ஒரு பிடி மண் போட வேண்டும், அவ்வளவுதான். பேனன் அவளைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். பெட்டிக்குப் பின்னால் நடக்கச் சொந்தக்காரன் வந்துவிட்டானே என்றார். வந்தவன் கார்டிஃப் பட்டணத்திலிருந்து ஹோப்கின் என்ற ஒரு மச்சான் முறைக்காரன். கெத்தூரா உயிரோடு இருந்தவரை இந்தத் தெரு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது அவனுக்கு. வந்ததும் வராததுமாக வீட்டில் எத்தனை அறை என்று விசாரித்தான். தலையில் தடவியிருந்த எண்ணெய் பிணத்துக்கே மூச்சு முட்டும்.

மோர்வித் மறுபடியும் கேட்டாள்.

"பொம்பளைங்க குழிகிட்ட நின்னா அழுவீங்கம்மா," என்றார் பேனன். "பாட்டு கெட்டுப்போயிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டு எனக்குத் தெரியாதா? எதிர்த்தெரு எபெனேசர் சபைக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே தொண்டை கிழியப் பாடுவார்கள். நான் இடுப்பிலிருந்து கூடத்துச் சாவியை எடுத்துக் காட்டினேன்.

"மோர்வித் குழி வரைக்கும் போகணும் ஐயா. போகலன்னா நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன். பன்றித்தொடையும் அலமாரிய விட்டு வராது."

டீக்கன்மார் வீட்டு நடையில் கூடிப் பேசினார்கள். வெளியே மழை. மேட்டுத் தெரு ஏறி, குன்றின்மேல் இருக்கும் இடுகாட்டுக்குப் போய், நனைந்து இறங்கி வந்தால் சூடாக ஒன்றும் இல்லை என்பதை ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தார்கள். ஆண்டவருடைய கல்லறைக்கு முதலில் போனவர்களே பெண்கள்தானே என்பது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் வேதத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்துப் படித்தார்களோ.

"சரி, வரட்டும்," என்றார் பேனன். "குழி வரைக்கும் வரட்டும். நான் சொல்றேன்ல."

நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கூடத்து அடுப்படியில் பெண்களெல்லாம் சேர்ந்து வேலை செய்தோம். ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, பன்றித்தொடையைக் காகிதம் மாதிரி மெல்லிசாக அறுத்துப் பெரிய தட்டில் அடுக்கினேன். மலைமேலிருந்து பாட்டு கேட்டது. நன்றாகத்தான் பாடினார்கள், சனியன்கள்.

பிறகு ஆண்கள் வந்தார்கள். தொப்பியை உதறிவிட்டு, துண்டைக் கழுத்தில் செருகிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார்கள். ஹோப்கின் நடுவில், பேனன் மேசைத் தலைப்பில். மோர்வித்தைக் காணவில்லை. கேட்டதற்கு, வந்துகொண்டிருப்பாள் என்றார் பேனன், தட்டு எங்கே என்று பார்த்தபடியே.

கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிப் பின்கதவு வழியாக வந்தாள். அவளோடு மண்வெட்டி ஷோனியும் வந்தான். குழி வெட்டுகிறவன். குடிக்கிறான் என்று ஓரேப்பிலிருந்து தள்ளி வைக்கப்பட்டவன், அதனால் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"என்னை எல்லாருக்கும் பின்னாடி வரச் சொன்னாங்க, திர்ஸாக்கா," என்றாள் மோர்வித். "அப்புறம் இடுகாட்டு கேட் கிட்டயே நிக்கச் சொன்னாங்க. உள்ள இடமில்லையாம்."

அங்கிருந்து அவள் பார்த்தது ஆண்களின் முதுகை மட்டும்தான். பாட்டும் ஜெபமும் முடிந்து அத்தனை பேரும் எதிரே இறங்கி வந்தார்கள். தாண்டும்போது மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார்களாம். அவள் உள்ளே ஓடியபோது ஷோனி மண்வெட்டியைத் தரையில் குத்தி வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மழையில் நின்றுகொண்டிருந்தான்.

"மக வருவான்னு தெரியும்," என்றான் ஷோனி வாசலிலிருந்து. "அதான் மூடல."

மோர்வித் தன் வலது கையை எனக்குக் காட்டினாள். விரலெல்லாம் களிமண்.

தேநீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போய் வரிசையாக எல்லோருக்கும் ஊற்றினேன். சொன்ன சொல் சொன்னதுதான், அடுப்பைப் பற்ற வைத்தாயிற்று. ரொட்டியையும் வைத்தேன். பேனன் ரொட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"திர்ஸா, பன்றித்தொடை எங்கே?"

"வருது ஐயா," என்றேன். "எல்லா ஆம்பளைங்களுக்கும் பின்னாடி வருது. இப்போ கேட் கிட்ட நிக்குது. உள்ள இடமில்லையாம்."

ஹோப்கின் சிரிக்கப் பார்த்து, பேனன் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். பேனனின் காது ரெண்டும் சிவந்துபோனது. என் பின்னால் மற்ற பெண்கள் ஒவ்வொருவராக ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். நான் பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு முன்கதவு வழியாகவே இறங்கினேன். மோர்வித் என்னோடு நடந்தாள், ஷோனி தன் கோட்டைத் தட்டின்மேல் பிடித்துக்கொண்டு வந்தான். திரை இழுத்த சன்னல்களெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தன. திறக்கட்டும் என்று நடுத்தெருவிலேயே நடந்தேன்.

கெத்தூராவின் அடுப்பங்கரையில் ஷோனி இரண்டு தட்டு சாப்பிட்டான். மோர்வித்திடம் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காரச் சொன்னேன்.

"இருக்கட்டும்க்கா," என்று முள்கரண்டியை இடது கையில் எடுத்துக்கொண்டாள்.